புளியடித் தெருச் சாமிகள் வீடு திரும்பிய தை

ஜனவரி 4

இது போன வருஷத்து டைரி. உரக்கடைக்காரர் இந்த வருஷம் டைரி தரவில்லை, காலண்டரோடு முடித்துக்கொண்டார். போன வருஷம் நாலைந்து பக்கம் எழுதியதோடு சரி, மீதியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தேதி சரியாக இருக்கும், கிழமைதான் தப்பு. கிழமையைப் பேனாவால் அடித்துவிட்டேன், தீர்ந்தது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்று காலை வந்த வம்பு. சுகாதார ஆய்வாளர் நஸ்ரின் மேடம் ஸ்கூட்டரை என் வாசலிலேயே நிறுத்தினார். சின்னப் பொண்ணு, பேச்சு மட்டும் கறார். என் கடையை ஒட்டி ஒரு காலிமனை கிடக்கிறதே, தெருவின் குப்பை மொத்தமும் விழுகிற இடம், அதைக் காட்டி, "அக்கா, எத்தனை தடவை அள்ளினாலும் மறுநாளே கொட்டுதாங்க. பேசாம இந்த முக்குலயே பெரிய தொட்டி ஒண்ணு வச்சிரலாம்னு இருக்கோம்" என்றார்.

பெரிய தொட்டி என்றால் வீட்டு வாளி இல்லை. இரும்பில் லாரி சைஸுக்கு இருக்கும். சுற்று வட்டாரத் தெருக் குப்பையெல்லாம் அதில்தான் வந்து விழும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து எவன் ஆப்பம் தின்பான்?

சாயங்காலம் இந்த முன்னறையில் நான் போடுகிற இடியாப்பமும் ஆப்பமும் தேங்காய்ப்பால் சொதியும்தான் என் பிழைப்பு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இதே சொதியில்தான் மகள் உமாவை நாகர்கோவிலில் நர்சிங் சேர்த்திருக்கிறேன். தொட்டி வந்தால் கடைக்குப் பூட்டுத்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடம் காலில் விழாத குறை.

"தைப்பூசம் கழியிற வரைக்கும் பாக்கேன் அக்கா. அதுக்குள்ள இந்த மூலை சுத்தமாயிருந்தா தொட்டி வேற இடத்துக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போதும். ஒரு மாசம் கொடுத்திருக்கிறார். இந்தத் தெருவை நான் திருத்திக் காட்டுகிறேன். என்னவோ இப்போதே சந்தோஷமாக இருக்கிறது.

ஜனவரி 5

மூன்றாம் வீட்டு ஜெயமேரி டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மக்குகிறது ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி. காய்கறித் தோலைப் பூந்தொட்டியில் மண் போட்டு மூடினால் உரம். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் காலையில் வருகிற பேட்டரி வண்டியில் கொடுங்கள். பழைய சேலையில் பை தைத்துக் கடைக்குப் போங்கள். டீச்சர் பாடம் நடத்துவது மாதிரியே சொன்னார். நான் நடுநடுவே அதட்டினேன்.

மாடு வைத்திருக்கிற மாரித்தங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அரிசியில கல்லு பொறுக்கவே எனக்கு நேரமில்ல, இதுல குப்பையில வேற பொறுக்கணுமாக்கும்!" என்றாள். கோலப்பன் மாமா, கூட்டுறவு பேங்கில் ரிட்டையர் ஆனவர், "முதல்ல ஒரு கமிட்டி போடணும்மா. தலைவர் யாருன்னு முடிவு பண்ணுங்க" என்றார். தலைவர் யார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

எதிர்வீட்டு பிரமநாயகம் அண்ணாச்சி வயர்மேன். ஏணி மேலே நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிதான்" என்று ஒரே வார்த்தை சொன்னார். கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷன், வார்த்தையையும் மிச்சம்தான் பிடிப்பார். அப்படியே மேலிருந்து, "பார்சல் கவருக்கு நீங்க என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார். வியாபாரம் வேறு, வீட்டுக் குப்பை வேறு என்று விளக்கிச் சொன்னேன். அதற்கும் "சரிதான்" என்றார். அந்தச் சரிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். நாளையிலிருந்து தெரு பளிச்!

ஜனவரி 6

விடியற்காலையில் மூலையில் புதுசாக நாலு மூட்டை. விளங்கிரும்.

ஜனவரி 8

ராத்திரி படுக்கும்போது வராத யோசனை, பகலில் இடியாப்ப மாவு பிசையும்போது வந்தது. சுவரில் அசிங்கம் பண்ணாமல் இருக்கச் சாமி படம் ஒட்டுகிறார்களே, அதே வேலையைக் குப்பைக்கும் செய்தால் என்ன? சாமி முன்னால் எவன் மூட்டையை வீசுவான்?

பரணில் ஏறினேன். கண்ணாடி போட்ட பழைய முருகன் படம் ஒன்று கிடந்தது. கூடவே எவர்சில்வர் தட்டு ஒன்றும் கையில் தட்டுப்பட்டது. ஒரு ஆளுக்கு எதற்கு ரெண்டு தட்டு என்று நான்தான் ஏற்றிப் போட்டிருந்தேன். அதை அப்படியே வைத்துவிட்டு முருகனை மட்டும் இறக்கினேன்.

மூலையில் இருந்த மூட்டைகளை அள்ளி வண்டியில் ஏற்றி, இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தோம். பிரமநாயகம் அண்ணாச்சிதான் காலிமனையின் குட்டிச்சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தார்.

"முருகன் இங்கன வாட்ச்மேன் வேலைக்கு வந்திருக்காராக்கும்" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான் அண்ணாச்சி."

"கிண்டல் இல்ல. சம்பளம் என்னன்னு கேக்கச் சொன்னாரு."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜனவரி 10

சுத்தம்! ஒரு காகிதம் இல்லை, ஒரு கவர் இல்லை! மாரித்தங்கம் கையில் மூட்டையோடு வந்தாள், முருகனைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மூட்டையோடு திரும்பிப் போனாள். ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு. இன்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரு ஆப்பம் கூடவே வைத்தேன். உமாவுக்குப் போன் போட்டு, "உங்கம்மா ஊரையே திருத்திட்டா" என்றேன். "முதல்ல நேரத்துக்குச் சாப்பிடும்மா" என்கிறாள். படிக்கிறது நர்சிங் இல்லையா.

ஜனவரி 12

முருகன் காலடியில் போன வருஷத்துக் காலண்டர் ஒன்று. லட்சுமி படம் போட்டது. யாரோ பயபக்தியோடு சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். குப்பை இல்லையே, சாமிதானே என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 13

ஐயையோ, பொங்கல் வெள்ளையடிப்பை மறந்தே போனேன்! தெரு முழுக்க வீடு ஒழிக்கிறார்கள். பழைய பாய் போகிறது, பழைய சட்டி போகிறது. பழைய சாமி படத்தை மட்டும் எந்த வீட்டிலும் குப்பையில் போட மாட்டார்கள், பாவம் வந்துவிடுமே. எப்போதும் ஆற்றங்கரை அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைப்பார்கள். அது ரொம்ப தூரம். இப்போது தெருமுனையிலேயே ஒரு முருகன் இருக்கிறார், நான் வைத்த முருகன்!

மத்தியானத்துக்குள் பிள்ளையார் வரிசை கட்டிவிட்டார். கண்ணாடி விரிசல் விட்ட மீனாட்சி, கரையான் தின்ற வெங்கடாசலபதி, கை உடைந்த கிருஷ்ணர் பொம்மை, ஜவுளிக்கடைக் காலண்டர் சரஸ்வதி. ஓரத்தில் மாதா படம் ஒன்று.

டீச்சரிடம் ஓடினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுதுதான் செல்வி. சட்டம் உடைஞ்சு போச்சு. அத்தனை பேரும் அங்கன இருக்காங்களே, மாதாவும் துணைக்கு இருக்கட்டும்னு..." என்றார்.

ஊருக்குப் பாடம் சொன்ன டீச்சரே இப்படி! திட்டத்தான் வாயைத் திறந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டோம்.

ஜனவரி 14

பொங்கலோ பொங்கல். பிரமநாயகம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு செம்பில் பொங்கல் கொடுத்தனுப்பினேன். அக்கம்பக்கத்துக்கு எல்லாம் கொடுப்பதுதான்.

ஜனவரி 17

கோலப்பன் மாமா காலையில் விளக்கு ஏற்றினார். மத்தியானம் நாலு மூங்கில் நட்டுத் தகரம் போட்டார். சாயங்காலம் ஒரு எண்ணெய் டின்னைக் கழுவி மஞ்சள் துணி கட்டி, மூடியில் காசு போடத் துளை வெட்டி வைத்துவிட்டார். உண்டியலாம்.

"கமிட்டி போட்டாச்சும்மா" என்றார், வாயெல்லாம் பல். "அருள்மிகு புளியடி முருகன். பூசத்துக்கு அன்னதானம்."

"மாமா, நான் குப்பை கொட்டாம இருக்கதுக்குல்லா வச்சேன்!"

"நீ வச்சியா, அவன் வந்தானா? யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை, அடுப்பில் தேங்காய்ப்பால் திரிந்துவிடும்.

ஜனவரி 19

எழுதக் கை நிற்கவில்லை! நஸ்ரின் மேடம் வந்தார். தகரக் கொட்டகையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், வரிசையாக நிற்கிற சாமிகளைப் பார்த்தார். ஸ்கூட்டரில் இருந்து இறங்கவே இல்லை.

"என்னக்கா இது? கோயில் பக்கத்துல எப்படித் தொட்டி வைக்கது? நான் மேல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

தொட்டி இல்லை! பிழைத்தது கடை! நான் வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன், சத்தியமாக. பிரமநாயகம் ஏணியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பார்க்கட்டுமே.

ஜனவரி 22

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. விளக்கேற்ற வருகிறவர்கள் எல்லாரும் திரும்பும்போது ஒரு பார்சல். பக்கத்துத் தெருவில் இருந்தெல்லாம் வருகிறார்கள். சொதியைக் கவரில் ஊற்றி, காற்றைப் பிடித்து, நீல நூலைச் சுற்றி ஒரு முடிச்சு. என் முடிச்சு தனி முடிச்சு. தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது, அவிழ்க்கவும் முடியாது, பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

பிரமநாயகம் மட்டும் இன்னும் அந்தத் தூக்குவாளியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். கூட்டத்தில் தூக்கைத் திறந்து ஊற்றி மூட எனக்கு எரிச்சல்.

"ஒரு நாளாவது கவர்ல வாங்கக் கூடாதா?"

"தூக்குன்னா சூடு ஆறாது" என்றவர், போகிற போக்கில், "கொட்டகைக்குப் பின்பக்கம் போய்ப் பாத்தியளா?" என்றார்.

எதற்கு நான் பின்பக்கம் போக வேண்டும்? சாமி கும்பிடுகிறவள் முன்பக்கம் நின்றுதானே கும்பிடுவாள்?

ஜனவரி 23

போகவில்லை.

ஜனவரி 24

வேலை இருந்தது.

ஜனவரி 25

மாரித்தங்கத்தின் செவலைப் பசு கொட்டகைக்குப் பின்னால் நின்று எதையோ மென்றுகொண்டிருக்கிறது என்று சத்தம் கேட்டு ஓடினேன். பிரமநாயகம் எனக்கு முன்னால் ஓடிப்போய் அதன் வாய்க்குள் கை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். எச்சில் ஒழுக ஒழுகக் கொத்தாக வந்தது கவர். தேங்காய்ப்பால் வாசனைக்குப் பசு அதை விடவே மாட்டேன் என்கிறது.

அப்போதுதான் பார்த்தேன். சாமிகளுக்கு முன்னால் சுத்தம், கோலம், விளக்கு. முதுகுக்குப் பின்னால் மலை! பூ, வாழைப்பழத் தோல், கற்பூர டப்பா, அபிஷேகத்துப் பால் பாக்கெட். அதற்கெல்லாம் மேலே கவர், கவர், கவர். சாமி கண்ணில் படாமல் பின்னால் போட்டால் பாவம் இல்லை என்று தெருவே முடிவு பண்ணியிருக்கிறது. முன்பு தெருவுக்குத் தெரிகிற மாதிரி கிடந்தது, இப்போது மறைவாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

மாரித்தங்கம் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர் குடித்தது.

கவரில் எல்லாம் நீல நூல் சுற்றியிருந்தது. நீல நூல் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

பிரமநாயகம் கையைக் கழுவிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம், திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

ஜனவரி 27

வந்தது வினை. மனைக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருந்து வந்து இறங்கினார். தன் மனையில் கோயில் கிடக்கிறதைக் கண்டு பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு கத்தின கத்தில் உண்டியலே அதிர்ந்தது. பின்னால் நஸ்ரின் மேடம்.

"கொட்டகையைப் பிரிச்சிரணும். அடுத்தவங்க மனை, நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் மேடம். பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "அக்கா, நான் உங்களுக்காகத்தான் மேல பேசிட்டிருந்தேன். இதைப் பாத்த பிறகு என்ன பேச? பூசம் கழிஞ்சு ஒரு வாரத்துல தொட்டி வந்துரும்" என்றார்.

கோலப்பன் மாமா உண்டியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று கடை போடவில்லை.

ஜனவரி 28

கொட்டகையைப் பிரிக்க ஆள் இருக்கிறது. சாமிகளை எடுக்க ஆள் இல்லை. ஒருத்தரும் தொட மாட்டேன் என்கிறார்கள். யார் கொண்டு வந்து வைத்தது என்று கேட்டால் தெருவே ஆகாயத்தைப் பார்க்கிறது. "நானா? எங்க வீட்டுச் சாமியெல்லாம் வீட்டுலதான் இருக்கு." எல்லா வீட்டிலும் இதே பதில். அப்படியானால் இத்தனை சாமியும் நடந்தா வந்தது?

எனக்கு மூக்குக்கு மேலே கோபம். பிரமநாயகத்திடம் போய்ப் புலம்பினேன். அவர் சாமிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்த மீனாட்சிக்கு மேல சீரியல் பல்பு போட்டது நான்தான். மாரித்தங்கம் வீடு" என்றார்.

"என்னது?"

"அந்த வெங்கடாசலபதி கோலப்பன் மாமா வீட்டு ஹால். பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்துல தொங்கினாரு. இந்தப் பிள்ளையாரு கடைசி வீடு, இவருக்குப் பின்னால போற வயரை எலி கடிச்சு நான் மாத்தினேன். ஒவ்வொரு வீட்டுச் சுவரும் எனக்குத் தெரியும்லா."

அட கடவுளே! இந்த ஒரு மனுஷன் தெருவில் எந்தச் சாமி எந்தச் சுவரில் இருந்தது என்று மனசில் வைத்திருக்கிறார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சாமி தானாக வீட்டுக்கு வந்தால் எவள் வாசலில் நிறுத்தி வைப்பாள்?

பிப்ரவரி 1

தைப்பூசம். இன்று நடந்ததை எழுத இந்தப் பக்கம் போதாது, அடுத்த தேதியில் பாதியையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கோலப்பன் மாமாவைச் சம்மதிக்க வைத்தேன். "கோயில் போனா என்ன மாமா, ஊர்வலம் இருக்குல்லா. நீங்கதான் முன்னால" என்றதும் அவர் சேகண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். டீச்சர் மாதா படத்தின் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டிக் கொண்டு வந்தார். மாரித்தங்கத்தின் கைவண்டியைக் கழுவி மஞ்சள் தெளித்து, எல்லாச் சாமியையும் அதில் ஏற்றினோம். வண்டியின் அடித்தட்டில் ரெண்டு நிறத்தில் வாளிகள். பெயிண்ட் கடையில் காலியான டப்பாக்களைக் கேட்டு வாங்கி, கைப்பிடி போட்டு பிரமநாயகம் செய்தது.

சேகண்டி முழங்க வண்டி கிளம்பியது. முதல் வீடு மாரித்தங்கம். வண்டி இழுத்து வந்தவளே அவள்தான். தன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் திருதிருவென்று விழித்தாள். மீனாட்சியை எடுத்து நீட்டினேன்.

"மாரித்தங்கம், ஆத்தா வீடு தேடி வந்திருக்கா. உள்ள கூப்பிட மாட்டியா?"

என்ன செய்வாள்! ஓடிப்போய் ஆரத்தித் தட்டு கொண்டு வந்து, சுற்றி, படத்தை நெஞ்சோடு வாங்கிக்கொண்டாள். கூடவே நான் ரெண்டு வாளியையும் வைத்தேன். "இது ஆத்தா கூட வந்தது. பச்சையில தோலும் பூவும், சிவப்புல மத்தது. சாமிக்குப் போட்ட பூ கால்ல படக் கூடாதுல்லா? பூந்தொட்டியில மண்ணு போட்டு மூடு. அந்த மண்ணுல வர்ற செடி பூக்கிற பூ திரும்ப ஆத்தாவுக்கு."

மறு பேச்சு இல்லை. அதே மாரித்தங்கம்! கல்லு பொறுக்க நேரமில்லாதவள்!

அப்புறம் என்ன, வீடு வீடாக இதே கதைதான். "எங்க வீட்டுச் சாமியே இல்ல" என்று ஆகாயம் பார்த்தவர்களெல்லாம் சேகண்டிச் சத்தம் நெருங்க நெருங்கக் கோலம் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசி வீட்டில் எங்களுக்குப் பானகம் கொடுத்தார்கள், டம்ளரில்! கரையான் தின்ற வெங்கடாசலபதியை வாங்கும்போது கோலப்பன் மாமா நிஜமாகவே கண் கலங்கினார். "இது எங்கப்பா வாங்கின படம்மா. நானா கொண்டு வந்து வச்சேன்?" என்றார். மாதாவை டீச்சர் வீட்டில் இறக்கும்போது டீச்சர் பாட்டே பாடிவிட்டார், மாமா சேகண்டியைத் தாளத்துக்குத் தட்டினார். நஸ்ரின் மேடம் தெருமுனையில் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு ஊர்வலம் போகிற வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் மிஞ்சினது என் முருகன். பிரமநாயகம் அதைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். எல்லாருக்கும் நான் சொன்னதையே அவர் எனக்குச் சொன்னார்: "முருகன் வீடு தேடி வந்திருக்காரு. உள்ள கூப்பிட மாட்டியளா?"

நான் ஆரத்தி எடுத்தேன். முருகனுக்குத்தான்.

ஆணி அடித்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ரெண்டு வாளியையும் வைத்தார். ஏனோ சிவப்பு வாளி மற்ற வீட்டு வாளியைவிடப் பெரிசாக இருந்தது.

பிப்ரவரி 2

கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். மூலையில் புதுசாக ஒரு குப்பையும் விழவில்லை. பழைய மலை மட்டும் அப்படியே கிடக்கிறது. நாளைக்குத் தெருவே சேர்ந்து அள்ளுவதாகப் பேச்சு.

பிப்ரவரி 3

அள்ளினார்கள். எல்லாரும் வந்தார்கள்! பூவும் தோலும் பூந்தொட்டிகளுக்குப் போனது. பால் பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார்கள். உடைந்த கண்ணாடியைத் தனியாகக் கட்டி பேட்டரி வண்டிக்காரம்மாவிடம் கொடுத்தார்கள். நான் எல்லாருக்கும் காப்பி போட உள்ளே வந்தேன்.

அப்போது சேகண்டிச் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தால், அதே கைவண்டி. முன்னால் கோலப்பன் மாமா. மாரித்தங்கம் இழுக்கிறாள். டீச்சர் பக்கத்தில் நடந்து வருகிறார். வண்டி நிறைய, குவித்து, நீல நூல் முடிச்சுப் போட்ட கவர்கள். வண்டி என் வாசலில் வந்து நின்றது.

"செல்வியக்கா" என்றாள் மாரித்தங்கம். அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது, செவலையின் கோபமும் இருந்தது. "அவங்கவங்க வீட்டுச் சாமி அவங்கவங்க வீட்டுக்கு வந்துட்டு. இது உங்க வீட்டுது. உள்ள கூப்பிட மாட்டியளா?"

தெருவே நின்று பார்த்தது. நீல நூல் எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடிச்சு? அந்த முடிச்சு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றுகூட அவிழவில்லை. எல்லாம் பல்லால் கிழிந்த கவர்கள், என் முடிச்சு மட்டும் அப்படியே இறுக்கமாக.

எனக்கு முகம் எரிந்தது. ஓடி உள்ளே போய்விடலாம் போல இருந்தது. உள்ளே போனேன். ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றினேன். மாமா சேகண்டியைத் தட்டினார். முதலில் டீச்சர்தான் சிரித்தார், பிறகு தெருவே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். பெரிய சிவப்பு வாளி நிரம்பி, அதற்குமேல் ரெண்டு சாக்கும் நிரம்பியது.

பிரமநாயகம் ஏணி மேலே இல்லை. என் வாசலில் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 4

வாசலில் பலகை: "தூக்கு, டிபன் பாக்ஸ், சட்டி கொண்டு வந்தால்தான் சொதி. இடியாப்பம் வாழை இலையில் மட்டும்." பழைய சிலேட்டில் டீச்சர் கையெழுத்து.

வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். பாதிச் சொதி மிஞ்சிவிட்டது. தூக்கோடு வந்தது ஒரே ஆள். யார் என்று எழுத வேண்டியதில்லை.

உமா போனில், "பயப்படாதம்மா" என்றாள். யாருக்குப் பயம்? எனக்கா? கொஞ்சம் பயம்தான்.

பிப்ரவரி 5

தெருவே சட்டியோடு வந்தது! மாரித்தங்கம் பால் கறக்கிற செம்பையே கொண்டு வந்துவிட்டாள். கோலப்பன் மாமா மஞ்சள் துணியை அவிழ்த்து உண்டியல் டின்னை நீட்டினார். "கழுவிட்டேம்மா, ஊத்து." காசு போட வெட்டின துளை வழியாகச் சொதியை ஊற்றினேன். இதைவிடச் சந்தோஷமாக நான் யாருக்கும் சொதி ஊற்றியதில்லை.

பக்கத்துத் தெருக்காரர்கள் வெறுங்கையோடு வந்து முழித்தார்கள். அவர்களுக்கு மாரித்தங்கம் தன் வீட்டுப் பாத்திரத்தைக் கடன் கொடுத்து, "நாளைக்குக் கழுவிக் கொண்டு வரணும், ஆமா!" என்று அதட்டினாள். எனக்கு இனிமேல் அதட்ட வேலையே இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 8

மத்தியானம் லாரி வந்தது. அதன் மேல் அந்தத் தொட்டி. கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். பூசம் கழிந்து ஒரு வாரம் என்று மேடம் சொன்னது சொன்னதுதான்.

லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நஸ்ரின் மேடம். இறங்கினார். மூலையில் போய் நின்றார். பின்பக்கம் போனார். குட்டிச்சுவரைச் சுற்றி வந்தார். கொடியில் காய்கிற பால் பாக்கெட்டைப் பார்த்தார். வாசல் வாசலாக இருக்கிற ரெண்டு வாளிகளைத் திறந்து திறந்து பார்த்தார், மாரித்தங்கம் வீட்டுப் பச்சை வாளிக்குள் கை விட்டே பார்த்தார். தெருவே அவர் பின்னால் நகர்ந்தது.

கடைசியில் என் வாசலுக்கு வந்து சிலேட்டைப் படித்தார். லாரிக்காரரைப் பார்த்துக் கையை வீசினார்.

"இங்க வேண்டாம்ணே. நேரா போங்க."

லாரி போய்விட்டது. அந்த இரும்புத் தொட்டி என் கடையைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டி, கண்ணை விட்டே மறைந்துவிட்டது! மாரித்தங்கம் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள், நான் என்ன லேசான ஆளா!

"அக்கா, பலகையில எழுதினதை மாத்தியிராதீங்க" என்றார் மேடம். பிறகு பைக்குள் இருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினார். காலையிலேயே கழுவி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! அப்படியானால் லாரியை எதற்குக் கூட்டி வந்தார்? கேட்டேன். "நீங்க ஒரு வேளை பழையபடி ஆயிருந்தா?" என்றார். கறார் பொண்ணு. எனக்குப் பிடித்திருக்கிறது. சாயங்காலம் வரச் சொல்லி டப்பா நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

கூட்டம் எல்லாம் வடிந்த பிறகு பிரமநாயகம் வந்தார். கையில் தூக்கு இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. "பலகையைப் படிக்கலையா? தூக்கு இல்லாட்டிச் சொதி கிடையாது. யாரா இருந்தாலும் இதுதான் சட்டம்" என்றேன்.

"படிச்சேன்."

"பின்ன?"

"இங்கனயே இருந்து சாப்பிட்டுப் போறேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆப்பச்சட்டியில் மாவை ஊற்றினேன். சுர் என்றது. நான் பரணில் ஏறினேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்த ரெண்டாவது தட்டை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, ரெண்டு ஆப்பம் வைத்துச் சொதி ஊற்றினேன். என் தட்டிலும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். முருகனுக்கு மேலே பல்பு ஒன்று போட வேண்டும் என்றார். போடுங்கள் என்றேன்.

தட்டை அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதை நான் திரும்பப் பரணில் ஏற்றவில்லை. அடுப்படியிலேயே இருக்கட்டும்.